உலக மாணவர் கூட்டமைப்பை நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடு கடந்த மாணவர் கூட்டமைப்புகளில் தேர்தல் நடக்காமல் போவது அபூர்வம். பேரவை கூடும், வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், முடிவை அறிவிப்பார்கள், எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஜனநாயகம் கசிவது அதற்கு முன்னும் பின்னும்தான். யாருக்கு விசா கிடைத்தது? கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, எந்த எண்ணிக்கையின்மேல் கணக்கிடப்பட்டது? இரண்டு பேரவைகளுக்கு நடுவே அமைப்பின் பெயரில் அறிக்கை விட்டது யார்? வங்கிக் கணக்கில் இன்னும் யாருடைய கையெழுத்து இருக்கிறது? பெரும்பாலான சண்டைகள் இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகின்றன.

இங்கே பேசுவது, தேசிய மாணவர் சங்கங்களை உறுப்பினராகக் கொண்ட கூட்டமைப்புகளைப் பற்றி. 1982-இல் தொடங்கிய இன்றைய ஐரோப்பிய மாணவர் ஒன்றியம், 1972-இல் உருவான அனைத்து ஆப்பிரிக்க மாணவர் ஒன்றியம் போன்றவை இந்த வகை. 2020-இல் தோன்றிய உலக மாணவர் மன்றம், இத்தகைய கண்ட அளவிலான அமைப்புகளை ஒன்றாகச் சேர்த்த குடை.

உறுப்பினர் யார் என்பதைச் சான்றிதழிடம் விட்டுவிடுவது

விண்ணப்பத்துடன் அரசுப் பதிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று பல துணைவிதிகள் சொல்கின்றன. நியாயமான விதிபோலத்தான் தெரியும். ஆனால் பெலாரஸ் மாணவர் சங்கத்தின் பதிவை அந்நாட்டு அரசு 2001-இல் ரத்து செய்தது. சான்றிதழை மட்டும் பார்க்கும் கூட்டமைப்பு இப்படிப்பட்ட சங்கத்தை வெளியே நிறுத்தும். அமைச்சகம் உருவாக்கிய பொம்மைச் சங்கத்தை வரவேற்று உட்கார வைக்கும்.

சான்றிதழுக்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை வேறு. தலைவர்களை மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, கடைசித் தேர்தல் எப்போது நடந்தது, கட்சியோ அரசோ நிர்வாகிகளை நீக்க முடியுமா, வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதோடு, அண்டை நாட்டு உறுப்புச் சங்கங்கள் இரண்டைக் கொண்டு நேரில் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதச் சொல்லுங்கள். இந்த ஆய்வு சேரும்போது மட்டும் நடந்தால் போதாது, மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப நடக்க வேண்டும்.

இந்தியா போன்ற நாடுகளில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே மாணவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரே தேசிய சங்கம் என்று ஒன்று கிடையாது. மாணவர் சங்கத் தேர்தல்களைப் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகள் 2006-இல் வந்த பிறகும் பல மாநிலங்களில் வளாகத் தேர்தலே ஒழுங்காக நடப்பதில்லை. தமிழ்நாடும் அதில் சேர்த்திதான். அப்படியிருக்க, ஏதோ ஒரு சங்கத்துக்கு “இந்தியா” என்ற நாற்காலியை முழுதாகக் கொடுத்துவிடுவது தவறு. ஒரு நாட்டுக்கு இத்தனை வாக்கு என்று முதலிலேயே வரையறுத்து, தகுதியுள்ள இரண்டாவது சங்கம் வந்தால் அதே வாக்குகள் பங்கு பிரியும் என்று விதியில் எழுதிவைப்பது நல்லது. எழுதாமல் விட்டால், முதலில் வந்த சங்கம் அடுத்து வருபவரை ஆயுளுக்கும் தடுத்துக்கொண்டே இருக்கும்.

மாணவர் எண்ணிக்கைக்கேற்ப வாக்கு: கூட்டிப் பார்க்காமல் எடை போடுவது

“பெரிய நாட்டுக்குக் கூடுதல் வாக்கு” என்ற கோரிக்கை எந்தக் கூட்டமைப்பிலும் எழும். அதை அப்படியே ஏற்றால் என்ன ஆகும்? இந்திய உயர்கல்வியில் 2021-22 கணக்கெடுப்பின்படி 4.33 கோடி மாணவர்கள். ஐஸ்லாந்தில் சுமார் இருபதாயிரம் என்று வைத்துக்கொண்டால், ஐஸ்லாந்தின் ஒரு வாக்குக்கு எதிரே இந்தியாவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். மாணவர் தொகையின் வர்க்கமூலத்தை எடுத்தால் இடைவெளி ஏறத்தாழ 46 மடங்காகச் சுருங்கும். அதுவும் அதிகம்தான்.

இதைவிட மோசமான ஆபத்து, வெளியே தெரியாத ஒன்று. வாக்கு இருக்கும், ஆனால் எதையும் மாற்றாது. அமெரிக்காவின் நாசோ மாவட்ட நிர்வாகக் குழுவில் 1964-இல் ஆறு பேருக்கு 31, 31, 28, 21, 2, 2 என்று வாக்குகள் கொடுத்தார்கள். மொத்தம் 115, வெற்றிக்கு 58 தேவை. முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் குறைந்தது 59 வந்துவிடும். மீதி மூவரும் சேர்ந்து 25. அதோடு பெரியவர் ஒருவரின் 31-ஐக் கூட்டினாலும் 56-தான். ஆக, 21 வாக்கு வைத்திருந்தவருக்கும் உண்மையான பலம் பூஜ்யம். பன்சாஃப் என்ற சட்ட அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதிலிருந்துதான், எடைவாக்கின் (ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும் வாக்கின்) பலத்தை அளக்கும் குறியீட்டுக்கு அவர் பெயர் வந்தது.

ஆகவே எடைப் பட்டியலை நிறைவேற்றுவதற்கு முன், எந்த உறுப்பினராவது எந்தக் கூட்டணியிலும் முடிவை மாற்ற முடியாத நிலையில் இருக்கிறாரா என்று ஒரு விரிதாளில் சோதித்துவிடுங்கள். எங்கள் கருத்தில், ஒரு நாட்டுக்கு ஒன்று முதல் மூன்று வாக்கு வரை மட்டும் படிநிலை வைப்பதும், விதித்திருத்தத்துக்கு வாக்கிலும் சங்கங்களின் எண்ணிக்கையிலும் இரட்டைப் பெரும்பான்மை கேட்பதும் போதும். நுணுக்கமான சூத்திரம் வைத்தால் ஒவ்வோர் ஆண்டும் புள்ளிவிவரச் சண்டைதான் மிஞ்சும்.

கூட்டத்துக்கு வர முடிகிறவர்கள் மட்டும் முடிவெடுப்பது

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் பேரவை வைக்கிறீர்களா? விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் கொடுக்கக் கூடாது. முடிவுக்கு 15 நாள் ஆகும், சில சமயம் 45 நாள்வரை நீளும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. இவ்வளவுக்கும் மேலாக, பல நகரங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. இடத்தையும் தேதியையும் எட்டு வாரம் முன்னால் அறிவிக்கும் அமைப்பு, கடவுச்சீட்டின் நிறத்தை வைத்து வாக்காளரைப் பொறுக்கி எடுக்கிறது என்றே பொருள். ஆறு மாதம் முன்னால் அறிவியுங்கள். அழைப்புக் கடிதத்தில் பிரதிநிதியோடு மாற்று ஒருவரின் பெயரையும் சேருங்கள். விசா மறுக்கப்பட்டவர் இணையவழி வாக்களிக்கும் உரிமை முன்கூட்டியே துணைவிதியில் இருக்கட்டும். கூட்ட நாளன்று “பார்த்துக்கொள்ளலாம்” என்றால், தோற்ற தரப்பு அந்த வாக்கைத்தான் முதலில் எதிர்க்கும்.

அரங்கில் இருப்போர் கை தூக்குவதும் இணையத்தில் இருப்போர் சுட்டியைச் சொடுக்குவதுமாக இரண்டு முறைகளைக் கலக்கவே கூடாது. அரங்கில் எண்ணி முடித்த பிறகு தாமதமாக வரும் இணைய வாக்கு செல்லுமா செல்லாதா என்ற தகராறு நிச்சயம். எல்லோரும் ஒரே கருவியில், அறிவிக்கப்பட்ட ஒரே கால அளவில் வாக்களிக்கட்டும். மூன்று நிமிடம் கொடுத்தால் மெதுவான இணைப்புக்கும் போதும். தீர்மானங்களின்மேல் பெயர்வாரியாக வாக்கைப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் பிரதிநிதி தன் சங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். நபர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ரகசிய வாக்கு. இதைத் தலைகீழாகச் செய்யும் அமைப்புகளும் உண்டு.

மாதாந்திர இணையக் கூட்டங்களில் தவறு கடிகாரத்தில் இருக்கிறது. சர்வதேச நேரம் 15:00 என்றால் லிமாவில் காலை 10 மணி, அக்ராவில் பிற்பகல் 3, சென்னையிலும் கொழும்பிலும் இரவு 8:30, மணிலாவில் இரவு 11, ஃபிஜியில் மறுநாள் அதிகாலை 3. ஒரே நேரத்தை நிலையாக வைத்தால் பசிபிக் சங்கங்கள் மெல்ல மெல்லக் காணாமல் போகும், பிறகு “அவர்களுக்கு ஆர்வமில்லை” என்று குறிப்பில் எழுதுவார்கள். எட்டு மணி நேர இடைவெளியில் மூன்று நேரங்களைச் சுழற்சியில் வையுங்கள்.

பேரவையில் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பது, மொழிபெயர்ப்பாளர்கள் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டிய வேலை. ஒரு மொழிக்கு இருவர் தேவை. அவர்களின் வேலை நேரம் மாலையில் முடிந்ததும் அமர்வை நள்ளிரவு வரை நீட்டி, சர்ச்சைக்குரிய தீர்மானங்களை அப்போது நிறைவேற்றுவது பழைய உத்தி. உத்தியாக இல்லாவிட்டாலும் விளைவு அதேதான். மொழிபெயர்ப்பு நின்ற பிறகு வாக்கெடுப்பு இல்லை என்ற ஒரு வரியை விதியில் சேர்த்துவிட்டால் நிகழ்ச்சி நிரல் தானாகவே சுருங்கும்.

கோரம், பதிலி, நடுநிலை

கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையைக் கோரம் என்கிறோம். 40 உறுப்புச் சங்கங்களில் 14 சந்தா பாக்கி வைத்து வாக்குரிமை இழந்திருக்கின்றன என்று கொள்வோம். “உறுப்பினர்களில் பாதி” என்று விதி சொன்னால், வாக்களிக்கக்கூடிய 26 சங்கங்களில் 20 வந்தாக வேண்டும். “வாக்குரிமை உள்ளவர்களில் பாதி” என்றால் 13 போதும். இந்த ஒரு சொல் இல்லாததால் கலைந்த கூட்டங்கள் ஏராளம். கோரம் தொடக்கத்தில் மட்டும் போதுமா, ஒவ்வொரு வாக்கெடுப்பின்போதும் வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். கடைசி நாள் மதியம் விமானம் பிடிக்கக் கிளம்பியவர்களின் எண்ணிக்கை அப்போதுதான் தெரியும்.

பதிலி வாக்கு, அதாவது வர முடியாத சங்கம் தன் வாக்கை வந்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைப்பது, ஏழைச் சங்கங்களுக்கு உதவுவதற்காக வந்த ஏற்பாடு. ஆளுக்கு இரண்டு பதிலி அனுமதித்தால், 30 சங்கங்களின் வாக்கையும் 10 பேர் கையில் வைத்திருக்க முடியும். ஒருவருக்கு ஒன்று மட்டும், அதுவும் செயற்குழு உறுப்பினரிடம் தரக்கூடாது என்பதே பாதுகாப்பு.

நடுநிலை வகிப்பவரை எந்தப் பக்கம் எண்ணுவது? இருப்பவர் 20, ஆதரவு 9, எதிர்ப்பு 8, நடுநிலை 3. பதிவான ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டும் ஒப்பிட்டால் தீர்மானம் வென்றது. வந்திருப்போரில் பெரும்பான்மை என்றால் 11 வேண்டும், தோற்றது. சுவிட்சர்லாந்தில் பதிவான அமைப்பு என்றால், அந்நாட்டு சிவில் சட்டத்தின் 67-ஆவது பிரிவு வந்திருப்போரின் பெரும்பான்மையையே கேட்கிறது. உங்கள் விதி வேறு சொல்லாதவரை நடுநிலை எதிர்ப்பாகவே விழும். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளில் முடிவெடுக்கவும் விதியில் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்கிறது அதே பிரிவு. உடன்படாத உறுப்பினர் தகவல் அறிந்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம் என்பது 75-ஆவது பிரிவு. எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறோமோ அந்நாட்டுச் சட்டத்தின் இந்த நான்கைந்து பிரிவுகளைக் கூட்டத் தலைவர் மேசையில் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும்.

செயற்குழுத் தேர்தலில் வரும் பிழை எளிதில் கண்ணில் படாது. ஐந்து இடங்களுக்கு ஒவ்வொருவரும் ஐந்து வாக்குப் போடும் முறையில், 60-இல் 31 வாக்கு வைத்திருக்கும் அணி ஐந்து இடங்களையும் அள்ளிக்கொள்ளும். வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில், 60-ஐ ஆறால் (இடங்களைவிட ஒன்று கூடுதல்) வகுத்து ஒன்று கூட்டினால் 11. பதினொரு வாக்கு திரட்டும் சிறுபான்மைக்கு ஓர் இடம் உறுதி. எண்ணுவது கடினம் என்ற சாக்கு இனி செல்லாது, அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது.

பணம்

இதில் வரலாறே பாடம் எடுத்துவிட்டது. 1946-இல் பிராகாவில் தொடங்கிய சர்வதேச மாணவர் ஒன்றியம் சோவியத் முகாமின் பிடிக்குள் போனதும், அதற்கு மாற்றாக மேற்கத்திய சங்கங்கள் 1950-இல் ஸ்டாக்ஹோமில் கூடி சர்வதேச மாணவர் மாநாட்டை உருவாக்கின. அதன் ஒருங்கிணைப்புச் செயலகம் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்தது. அமெரிக்க தேசிய மாணவர் சங்கத்துக்கு அறக்கட்டளைகள் வழியாக சி.ஐ.ஏ. பணம் வந்துகொண்டிருந்ததை 1967-இல் ராம்பார்ட்ஸ் இதழ் வெளிக்கொண்டு வந்தது. சங்கத்தில் சில நிர்வாகிகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர்களிடம் ரகசிய உறுதிமொழி வாங்கியிருந்தார்கள். அதே ஊற்றிலிருந்து பணம் பெற்றிருந்த மாநாடும் அந்த அம்பலத்திலிருந்து மீளவில்லை, 1969-இல் கலைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது உளவு நிறுவனத்தை மட்டும் அல்ல. கொடுத்தது யார் என்று பேரவை கேட்டிருந்தாலும் ஓர் அறக்கட்டளையின் பெயர்தான் பதிலாக வந்திருக்கும். ஆகவே நன்கொடையாளர் பெயரோடு, அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை, எவ்வளவு தொகை என்பதையும் சேர்த்து உறுப்புச் சங்கங்களுக்குக் கொடுங்கள். ரகசிய நிபந்தனை உள்ள நிதியை ஏற்கும் அதிகாரம் செயற்குழுவுக்கு இல்லை என்று எழுதுங்கள். ஒரே நன்கொடையாளரின் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் எல்லை. தணிக்கைக் குழுவைப் பேரவை நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும், பொருளாளரின் பரிந்துரையில் அல்ல.

உறுப்புச் சங்கங்களுக்குப் பணம் அனுப்பும்போது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் திட்டம் எழுதுவது இன்னொரு தவறு. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கியவர் அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அரசியல் தன்மை கொண்டவை என்று வகைப்படுத்தும் விதியில் மாணவர் அமைப்புகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். தெற்காசியாவுக்கான தொகையை இந்தியச் சங்கத்தின் வழியாகப் பிரித்துக் கொடுப்போம் என்ற திட்டம் காகிதத்திலேயே சட்ட மீறல்.

பேரவை கலைந்த பிறகு

மாணவர் தலைவர்களின் பதவிக்காலம் பெரும்பாலும் ஓராண்டு. மொத்தச் செயற்குழுவும் ஒரே நாளில் மாறினால் அமைப்பை உண்மையில் நடத்துவது ஊதியம் வாங்கும் செயலகம்தான். பாதி இடங்களுக்கு ஒரு பேரவையில், மீதிக்கு அடுத்ததில் தேர்தல் வையுங்கள். பழையவரும் புதியவரும் நான்கு வாரமாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும்.

பெல்ஜியத்தில் பதிவான அமைப்புகள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிய இயக்குநர்களின் நியமனம் அந்நாட்டு அரசிதழில் வெளியாக வேண்டும், அமைப்பை உண்மையில் கட்டுப்படுத்துபவர்களின் பதிவேட்டிலும் மாற்றம் ஏற வேண்டும். அரசிதழ் நகல் இல்லாமல் வங்கி புதிய கையெழுத்தை ஏற்காது. பேரவை முடிந்த அதே நாளில் தேர்தல் குறிப்பில் கூட்டத் தலைவரின் கையெழுத்தையும், புதியவர்களின் அடையாளச் சான்று நகல்களையும் வாங்காமல் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டால், இரண்டு மாதம் ஆனாலும் பணம் எடுப்பது முன்னாள் பொருளாளர்தான்.

இடைக்காலத்தில் போர், ஆட்சிக்கவிழ்ப்பு, மாணவர் கைது என்று ஏதாவது நடக்கும், உடனே அறிக்கை கேட்பார்கள். ஏற்கெனவே நிறைவேறிய கொள்கைக்குள் அடங்குவதைச் செயற்குழு சொல்லலாம். புதிய நிலைப்பாடு என்றால் ஏழு நாள் எழுத்துவழி வாக்கெடுப்பு வைக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு சங்கங்கள் மறுத்தால் பேரவைக்கு ஒத்திப்போட வேண்டும். செயற்குழுமீதே புகார் வந்தால் விசாரிக்கும் குழு அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 1985-இல் பாரிசில் தொடங்கிய ஏஜே (AEGEE) என்ற ஐரோப்பிய மாணவர் அமைப்பு தணிக்கைக்கு ஒன்று, விதிகளுக்கு ஒன்று, பிணக்குத் தீர்க்க ஒன்று என்று தனித்தனி ஆணையங்கள் வைத்திருப்பது பார்த்துப் பழகத் தக்கது.

விதித்திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் ஆறு வார முன்னறிவிப்பும் கேளுங்கள். தேர்தல் முறையைத் தொடும் திருத்தம் எதுவானாலும், அது நிறைவேறிய பேரவையிலேயே நடைமுறைக்கு வரக்கூடாது. அடுத்த பேரவை முதல்தான்.