வி-பெல்ட் டிரைவுக்குப் புல்லி தேர்ந்தெடுப்பது எப்படி: சிறிய புல்லியிலிருந்து தொடங்கும் முறை

வி-பெல்ட் டிரைவுக்குப் புல்லி வாங்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் போடும் முதல் கணக்கு வேக விகிதம்தான். மோட்டாரின் வேகம் இவ்வளவு, இயந்திரத்துக்குத் தேவையான வேகம் இவ்வளவு, ஆகவே இயந்திரப் புல்லி மோட்டார் புல்லியைப் போல் இத்தனை மடங்கு என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரே விகிதத்தைத் தரக்கூடிய புல்லி ஜோடிகள் பல உண்டு. அவற்றுள் எந்த ஜோடியை எடுப்பது என்பதை விகிதம் சொல்லாது. பெல்ட் எவ்வளவு காலம் உழைக்கும், மோட்டாரின் பேரிங் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சிறிய புல்லியின் விட்டமே. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அங்கிருந்து தொடங்கினால் மற்ற முடிவுகள் எளிதில் அமைந்துவிடும் என்பது என் அனுபவம்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 7.5 கிலோவாட், 4 போல் மோட்டார். வேகம் 1440 ஆர்பிஎம். ஷாஃப்ட் 38 மி.மீ. அது 900 ஆர்பிஎம்மில் ஓட வேண்டிய ஒரு காற்று புளோயரை நாள் முழுவதும் இயக்குகிறது. பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராகக் கணக்குக்குப் போகிறேன்.

படி 1: வடிவமைப்புத் திறன்

மோட்டாரின் திறனைச் சர்வீஸ் ஃபேக்டரால், அதாவது சுமையின் தன்மைக்கும் ஓடும் நேரத்துக்கும் ஏற்பக் கூட்டிக்கொள்ளும் பெருக்கெண்ணால், பெருக்க வேண்டும். இந்த அளவு புளோயர் ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஓடுமானால் 1.2 என்று எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் கம்ப்ரஸர், கல் உடைக்கும் கிரஷர் போன்ற அதிர்ச்சிச் சுமைகளுக்கு இது 1.4, 1.6 என்று உயரும். நம் கணக்கில் 7.5 × 1.2 = 9 கிலோவாட்.

படி 2: பெல்ட் வகை

ஒவ்வொரு பெல்ட் தயாரிப்பாளரின் கேட்டலாகிலும் வடிவமைப்புத் திறனையும் சிறிய புல்லியின் வேகத்தையும் அச்சுகளாகக் கொண்ட ஒரு வரைபடம் இருக்கும். 9 கிலோவாட்டும் 1440 ஆர்பிஎம்மும் சந்திக்கும் இடம் எஸ்பிஏ என்ற பெல்ட் வகைக்கான பகுதியில் விழுகிறது. புதிதாக அமைக்கும் டிரைவுக்குப் பழைய ஏ, பி வகைகளைவிட எஸ்பிஏ, எஸ்பிபி போன்ற வெட்ஜ் பெல்ட்களையே நான் பரிந்துரைப்பேன். அதே திறனைக் குறைந்த அகலத்தில் கடத்துவதால் புல்லி ஒடுங்கி, எடை குறைந்து, ஷாஃப்டின் முனையில் தொங்கும் சுமையும் குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏ பெல்ட் 13 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம், எஸ்பிஏ ஏறக்குறைய அதே அகலம், ஆனால் 10 மி.மீ. உயரம். எஸ்பிஏ புல்லியில் ஏ பெல்ட் உட்காரும். ஏ பெல்ட்டுக்கென்றே ஆழம் குறைவாகக் கடையப்பட்ட பழைய புல்லியில் எஸ்பிஏ பெல்ட்டைப் போட்டால் அது குரூவின் (பெல்ட் உட்காரும் பள்ளத்தின்) அடியைத் தொட்டுவிடக்கூடும். வி-பெல்ட் இழுப்பது பக்கச் சுவர்களைப் பற்றிக்கொண்டுதான். அடியைத் தொட்டுவிட்டால் அந்த ஆப்புப் பிடிப்பு போய், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

படி 3: சிறிய புல்லியின் விட்டம்

ஒவ்வொரு பெல்ட் வகைக்கும் அதற்குக் கீழே போகக்கூடாத ஒரு விட்டம் உண்டு. ஏ வகைக்கு 75, பி வகைக்கு 125, சி வகைக்கு 200 மி.மீ.; வெட்ஜ் வகையில் எஸ்பிஏ 90, எஸ்பிபி 140, எஸ்பிசி 224 மி.மீ. கேட்டலாகில் இந்த எண்ணைக் கண்டதும், இதுதான் அளவு என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். அது எல்லைக்கோடு மட்டுமே, பரிந்துரை அன்று. பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு புல்லிகளிலும் வளைந்து நிமிர்கிறது. வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகமாக அதன் உள்ளே இருக்கும் நூலிழைகள் களைத்துப்போகின்றன, ரப்பர் சூடேறி வெடிப்பு விடுகிறது.

இப்போது நம் விகிதத்தைப் பார்ப்போம்: 1440 ÷ 900 = 1.6. தரப்படுத்தப்பட்ட அளவுகளில் 100-க்கு 160, 125-க்கு 200, 140-க்கு 224 என மூன்று ஜோடிகளுமே சரியாக 1.6 தருகின்றன. புளோயரைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே. மோட்டாரைப் பொறுத்தவரை அப்படியல்ல.

பெல்ட்டின் வேகம் என்பது விட்டத்தை மி.மீட்டரிலும் சுழற்சியை ஆர்பிஎம்மிலும் வைத்து, 3.14 × விட்டம் × ஆர்பிஎம் ÷ 60000. விடை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். 100 மி.மீ. புல்லியில் அது 7.54, 140 மி.மீ. புல்லியில் 10.56. கடத்தும் திறனை இந்த வேகத்தால் வகுத்தால் பெல்ட் கொடுக்க வேண்டிய இழுவிசை கிடைக்கும். 7500 வாட்டை 7.54-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 995 நியூட்டன், 10.56-ஆல் வகுத்தால் 710 நியூட்டன். இறுக்கப் பக்கமும் தளர்ந்த பக்கமும் சேர்ந்து ஷாஃப்டை இழுப்பது ஒழுங்காக இறுக்கிய வி-பெல்ட்டில் இதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. அதாவது சிறிய ஜோடியில் 1490 நியூட்டன், பெரிய ஜோடியில் 1065 நியூட்டன்.

முதல் எண் இரண்டாவதைப் போல் 1.4 மடங்கு, பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 1.4-இன் மும்மடி 2.74. பெல்ட் இழுப்பே பேரிங்கின் முக்கியச் சுமையாக இருக்கும் இடத்தில், 140 மி.மீ. புல்லி போட்ட மோட்டாரின் பேரிங் 100 மி.மீ. புல்லி போட்டதைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு காலம் உழைக்கும் என்று கணக்குச் சொல்கிறது. பேரிங் அடிக்கடி போகிறதென்று கிரீஸை மாற்றிப் பார்க்கிறவர்கள், பேரிங்கின் பிராண்டை மாற்றிப் பார்க்கிறவர்கள், ஒருமுறை புல்லியின் விட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பலனும் உண்டு. ஒரு பெல்ட் கடத்தக்கூடிய திறன் விட்டம் கூடும் வீதத்தைவிட வேகமாகக் கூடுகிறது. பெல்ட்டின் வேகமும் ஏறுகிறது, வளைவுத் தகைவும் குறைகிறது. ஆகவே பெரிய புல்லியை எடுக்கும்போது பல சமயம் பெல்ட்களின் எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ குறையும். விட்டம் பெருத்ததால் கூடிய விலை குரூவ் குறைந்ததால் ஓரளவு ஈடாகிவிடும்.

அப்படியானால் எவ்வளவு பெரிதாகப் போகலாம்? இடமும் கார்டும் (பெல்ட்டை மூடும் பாதுகாப்பு உறையும்) அனுமதிக்கும் வரை, பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டாத வரை போகலாம். அந்த வேகத்துக்கு மேல் சாதாரண வார்ப்பிரும்புப் புல்லி ஏற்றதல்ல. தயாரிப்பாளரிடம் கேட்டு, டைனமிக் பேலன்ஸ் செய்யப்பட்டதையே (சுழற்றிப் பார்த்து எடையைச் சமன்செய்ததையே) வாங்க வேண்டும். குறைந்தபட்ச அளவைப் போல் ஒன்றரை மடங்குக்கு அருகில் முதலில் முயன்று பாருங்கள் என்பதே என் பழக்கமான ஆலோசனை. இங்கே 140-க்கு 224 என்று முடிவு செய்கிறேன்.

படி 4: எந்த விட்டத்தைச் சொல்கிறோம்?

புதியவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது. மேலே சொன்ன 140, 224 எல்லாம் பிட்ச் விட்டங்கள். அதாவது பெல்ட்டின் உள்ளே இருக்கும் இழை வரிசை புல்லியைச் சுற்றி ஓடும் வட்டத்தின் விட்டம். வெர்னியரை வைத்து அளந்தால் கிடைப்பது அதுவன்று; வெளி விட்டம். ஏ மற்றும் எஸ்பிஏ புல்லிகளில் வெளி விட்டம் பிட்ச் விட்டத்தைவிட வழக்கமாக 5.5 மி.மீ. கூடுதல், பி மற்றும் எஸ்பிபி புல்லிகளில் 7 மி.மீ. கூடுதல்.

ஐந்தரை மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். நம் புளோயரின் மோட்டார் புல்லி தேய்ந்துபோய் மாற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழற்றி அளக்கிறார்கள், 145.5 மி.மீ. காட்டுகிறது. கடையில் 145 கேட்கிறார்கள்; அப்படி ஓர் அளவு இருப்பில் இல்லை, 150 இருக்கிறது. கொஞ்சம்தானே வித்தியாசம் என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கடையில் கொடுத்த 150 பிட்ச் விட்டம். பழைய புல்லியின் உண்மையான பிட்ச் விட்டமோ 140. விகிதம் 1.6-லிருந்து 1.493-ஆகக் குறைந்து, புளோயர் 900-க்குப் பதிலாக 964 ஆர்பிஎம்மில் ஓடத் தொடங்குகிறது.

வேகம் கூடியது 7 சதவீதம். ஆனால் காற்றுப் புளோயர் இழுக்கும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும், 1.07-இன் மும்மடி ஏறத்தாழ 1.23. முன்பு 6.5 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்த புளோயர் இப்போது 8 கிலோவாட் கேட்கிறது, 7.5 கிலோவாட் மோட்டாரின் ஓவர்லோடு ரிலே விழுகிறது. மோட்டாரைக் கழற்றி வைண்டிங்கைச் சோதிக்கிறார்கள், ரிலேயைச் சந்தேகப்படுகிறார்கள். காரணம் புதுப் புல்லியில் இருப்பது யார் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை.

ஆகவே பழைய புல்லியை அளந்தால், முதலில் குரூவின் வகையை உறுதி செய்து, வெளி விட்டத்திலிருந்து 5.5 அல்லது 7 கழித்து, அதற்கு அருகிலுள்ள தர அளவைப் பாருங்கள். 145.5 − 5.5 = 140; இப்படி அளவு ஒழுங்காக வந்து பொருந்தினால் கணக்குச் சரி. பொருந்தாவிட்டால் அந்தப் புல்லி லேத்தில் தனியாகக் கடையப்பட்டதாக இருக்கலாம். அப்போது பழைய அளவை நம்பாமல், டாக்கோமீட்டரை வைத்து இயந்திரத்தின் உண்மையான வேகத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போடுவதே நல்லது. கடையில் கேட்கும்போதும் "பிட்ச் விட்டம் 140" என்று சொல்லியே கேளுங்கள்.

படி 5: குரூவின் கோணம்

வி-பெல்ட்டின் பக்கக் கோணம் 40 பாகை. புல்லியின் குரூவ் ஏன் அதே 40 பாகையில் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. பெல்ட் வளையும்போது அதன் மேற்பகுதி நீண்டு ஒடுங்குகிறது, அடிப்பகுதி அமுங்கிப் பிதுங்குகிறது. அதனால் அதன் கோணம் குறைகிறது. சிறிய புல்லியில் இது கூடுதல். எனவே எஸ்பிஏ புல்லியில் 118 மி.மீ. வரை 34 பாகை, அதற்கு மேல் 38 பாகை. எஸ்பிபி புல்லியில் 190 மி.மீ. வரை 34, அதற்கு மேல் 38. நம் 140, 224 இரண்டுமே 38 பாகைக்குள் வருகின்றன. தர அளவில் வார்த்து வரும் புல்லியை வாங்கினால் இதைப் பற்றிக் கவலை இல்லை. லேத்தில் கடையக் கொடுத்தால், எல்லாப் புல்லிக்கும் ஒரே டூலைப் பயன்படுத்திவிடாமல் இருக்க வரைபடத்தில் கோணத்தை எழுதிக் கொடுங்கள்.

கோணத்தைச் சோதிக்க குரூவ் கேஜ் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். இந்த வேலைக்கு விலையுயர்ந்த லேசர் கருவியைவிட அதுவே பயன் மிகுந்தது என்பேன். கேஜை குரூவில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் நேராக இருந்தால் வெளிச்சம் கசியாது. தேய்ந்து குழிந்திருந்தால் நடுவில் பிறைபோல் ஒளி தெரியும். அந்தக் குழிவு 0.8 மி.மீட்டரைத் தொட்டால் புல்லியை மாற்றிவிட வேண்டும். புது பெல்ட் மட்டும் போட்டால் அது விரைவில் பழையதைப் போலவே போய்விடும்.

படி 6: பெல்ட் எண்ணிக்கையும் நீளமும்

9 கிலோவாட்டை, கேட்டலாகில் 140 மி.மீ., 1440 ஆர்பிஎம்முக்குக் கொடுத்துள்ள ஒரு பெல்ட்டின் திறனால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். அதுவே குரூவ் எண்ணிக்கை. மைய தூரம் (இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 500 மி.மீ. என்றால் பெல்ட் நீளம் 2 × 500 + 1.57 × (140 + 224) + (84 × 84) ÷ (4 × 500), ஏறத்தாழ 1575 மி.மீ. கிடைக்கும் தர நீளம் 1600. மைய தூரத்தை 512-ஆகத் தள்ளிக்கொண்டால் போதும். மோட்டார் ரெயிலில் இறுக்குவதற்கும் பெல்ட்டைக் கழற்றுவதற்கும் இருபுறமும் இடம் விடுங்கள்.

படி 7: ஷாஃப்டில் பொருத்தும் விதம்

துளையைக் கடைந்து, கீவே (சாவிக்கான தடம்) வெட்டி, கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) வைத்து இறுக்கும் புல்லியை நான் விரும்புவதில்லை. சற்று விலை கூடினாலும் டேப்பர் லாக் புஷ் (புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இறுகும், வெளிப்பக்கம் சரிவான உறை) கொண்ட புல்லியே நல்லது: ஷாஃப்டைச் சுற்றிலும் பிடிக்கும், சுத்தியல் இல்லாமல் கழற்றலாம். புஷ்ஷின் எண்ணிலேயே அளவு இருக்கிறது. 2012 என்றால் அதிகபட்சத் துளை சுமார் 2.0 அங்குலம், நீளம் சுமார் 1.2 அங்குலம், 2517 என்றால் 2.5 அங்குலமும் 1.7 அங்குலமும். 38 மி.மீ. ஷாஃப்டுக்கு இரண்டுமே போதும். எது வரும் என்பதைப் புல்லியின் அளவு தீர்மானிக்கும்.

மாட்டும்போது புஷ்ஷின் சரிவிலும் புல்லியின் உள் சரிவிலும் எண்ணெயோ கிரீஸோ இருக்கக்கூடாது; துடைத்து உலர்த்துங்கள். ஸ்க்ரூக்களை மாறி மாறி, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்: 2012-க்குச் சுமார் 30, 2517-க்குச் சுமார் 50 நியூட்டன் மீட்டர். பிறகு ஒரு கட்டையை புஷ்ஷின் முகத்தில் வைத்து லேசாகத் தட்டி மறுபடி இறுக்கினால் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் சுற்றும். சுற்றாமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சுமையில் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, இன்னொரு முறை பாருங்கள். காலியாக இருக்கும் துளையில் மட்டும் கிரீஸை அடைத்து வையுங்கள். புல்லியைக் கழற்றும் நாளில் ஸ்க்ரூ நுழைய வேண்டிய துளை அது.

பின்னர் சேர்த்தது: விஎஃப்டி இருந்தால்?

விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) இருக்கும்போது புல்லி விகிதம் எதற்கு, வேகத்தை அதிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று இதைப் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். வேகத்தை அவ்வப்போது மாற்ற வேண்டிய இடத்தில் அது சரி. ஆனால் புளோயர் எந்நாளும் 35 ஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது என்றால் புல்லி விகிதம் தவறு என்று பொருள். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் பின்னாலிருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றிக் குளிர்ச்சி குறைகிறது. பெல்ட்டின் வேகமும் குறைவதால் கடத்தும் திறனுக்கு ஏற்ற இழுவிசை அந்த அளவுக்குக் குறைவதில்லை. 35 ஹெர்ட்ஸில் நம் புளோயரின் வேகம் 630 ஆர்பிஎம். மோட்டார் புல்லியை 140-ஆகவே வைத்துக்கொண்டு, 224 இருந்த இடத்தில் 315 போட்டால் விகிதம் 2.25, மோட்டார் தன் முழு வேகத்தில் ஓட, புளோயர் 640-இல் சுற்றும். கார்டுக்குள் 315 மி.மீ. புல்லி அடங்குமா என்று அளந்து பார்த்துவிட்டு, பெல்ட் நீளத்தை மட்டும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.