டெக்சஸில் ப்ரீ-மெட்: கோர் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதி நேராக எம்.பி.பி.எஸ். சேர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த அமெரிக்க முறை பிடிபடவே கொஞ்ச நாள் ஆகிறது. இங்கே பெரும்பாலும் முதலில் நான்கு வருடப் பட்டப்படிப்பு, அதற்கு அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல். அந்த மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிற பட்டப்படிப்புக் காலத்தைத்தான் ப்ரீ-மெட் என்கிறார்கள், அது பொதுவாக ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், கிடையாது. இசை படித்தாலும் கம்ப்யூட்டர் படித்தாலும், மெடிக்கல் ஸ்கூல் கேட்கிற பாடங்களை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்தப் பாடங்களை எடுத்தாயா, சரியான வகுப்பில் எடுத்தாயா என்று கல்லூரியில் யாரும் துரத்திக் கேட்க மாட்டார்கள். பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது டெக்சஸில். மூத்தவள் இந்த வழியாகப் போய் இப்போது மெடிக்கல் ஸ்கூல் முதல் வருடத்தில் இருக்கிறாள், சின்னவன் வரும் ஆகஸ்டில் கல்லூரிக்குள் போகிறான். அவனுக்காகக் குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. டெக்சஸ் அரசுக் கல்லூரி எதில் படித்தாலும் 42 கிரெடிட் கோர் பாடங்களை, அதாவது எந்த மேஜராக இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான பாடங்களை, முடித்தாக வேண்டும். கம்யூனிகேஷன் 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3, மீதி 6 அந்தந்தக் கல்லூரி முடிவு செய்வது. இது ஒரு பட்டியல். மெடிக்கல் ஸ்கூல் கேட்பது இன்னொன்று. லேபோடு சேர்த்து பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு வருடம், பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர், ஆங்கிலம் ஒரு வருடம், புள்ளியியல் ஒரு செமஸ்டர். பொதுவாகக் கேட்பது இவைதான், ஸ்கூலுக்கு ஸ்கூல் கொஞ்சம் மாறும். டெக்சஸ் பயாலஜியில் கூடுதலாகவே கேட்கிறது, ஒரு வருடத்தோடு முடிந்துவிடாது. இரண்டு பட்டியலிலும் வருகிற பாடத்தை எடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

ஆனால் எல்லாப் பயாலஜியும் ஒன்றல்ல. நாங்கள் அடிபட்டது இந்த இடத்தில்தான். மூத்தவளின் முதல் சம்மரில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) பயாலஜி எடுக்கலாம் என்று இரவு பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பயாலஜி 1406 நிரம்பிவிட்டது, 1408-இல் இடம் இருந்தது. இரண்டுமே கோரில் அறிவியலுக்குச் செல்லும், அட்வைசரும் சரி என்றார், பதிவு செய்துவிட்டோம். 1406, 1407 இரண்டும் அறிவியல் மேஜர்களுக்கானவை, 1408, 1409 மற்றவர்களுக்கானவை என்பதும், மெடிக்கல் ஸ்கூல் அந்த இரண்டாவது வகையை ஏற்காது என்பதும் அடுத்த வருடம்தான் தெரிந்தது. அவள் நன்றாகப் படித்து ஏ வாங்கியிருந்தாள். இருந்தும் திரும்பவும் முதலிலிருந்து பயாலஜி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்சஸ் பொது எண் முறையில் முதல் இலக்கம் எந்த நிலை என்பதையும் இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதையும் சொல்லும், 1406 என்றால் முதல் நிலை, நான்கு கிரெடிட். இது யாருக்கான வகுப்பு என்பது மட்டும் எண்ணில் இருக்காது, பாட விவரத்தில்தான் எழுதியிருக்கும். அதைக் கடைசி வரி வரை படியுங்கள்.

கோரை நிரப்புவதைப் பற்றிச் சொல்கிறேன். அறிவியல் 6-க்கு பயாலஜி 1406, கெமிஸ்ட்ரி 1411. கம்யூனிகேஷனுக்கு இங்கிலீஷ் 1301, 1302 எடுத்தால் மெடிக்கல் ஸ்கூலின் ஆங்கிலமும் முடிந்தது. கணிதத்துக்குப் புள்ளியியல் 1342 எடுக்கலாம், ஆனால் மேஜருக்குக் கால்குலஸ் கட்டாயம் என்றால் கோர் இடத்தில் கால்குலஸ் உட்கார்ந்துகொள்ளும், புள்ளியியலைத் தனியாக எடுக்க வேண்டிவரும், அதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். சமூக அறிவியலுக்கு சைக்காலஜி 2301 அல்லது சோஷியாலஜி 1301. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட் 2015-இல் மாறியது, அதில் நான்கில் ஒரு பகுதி இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது, அதனால் ஒன்றைக் கோரில் முடித்துவிட்டு இன்னொன்றையும் எங்காவது நுழைத்துவிடுவது நல்லது.

தத்துவம் எதற்கு, வரலாறு எதற்கு என்று நம் வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன். எம்கேட்டில் கார்ஸ் (CARS) என்று ஒரு பகுதி உண்டு, 90 நிமிடத்தில் 53 கேள்விகள், அறிவியலே கிடையாது, தத்துவம், கலை, சமூகம் பற்றிய பத்திகளைப் படித்து எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கெமிஸ்ட்ரியில் கொடிகட்டிப் பறக்கிற பிள்ளைகள்கூட இதில்தான் திணறுகிறார்கள், இரண்டு மாதப் பயிற்சி வகுப்பில் வந்துவிடுகிற திறமையும் இல்லை இது. என் மகள் எதிக்ஸ் வகுப்பில், பிலாசஃபி 2306, வாராவாரம் நாற்பது பக்கம் படித்து ஒரு பக்கம் எழுதினாள். கார்ஸில் தன்னைக் காப்பாற்றியது அதுதான் என்று இன்றும் சொல்கிறாள்.

வரலாறும் அரசியலும் சேர்த்து 12 கிரெடிட், மாநிலச் சட்டமே கேட்பதால் தப்பிக்க வழியில்லை. இவற்றை முதல் வருடத்திலேயே முடித்துத் தள்ளிவிடாதீர்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் ஒன்றாக வரும் செமஸ்டரில் மூன்றாவதாக இன்னொரு லேப் பாடம் இருந்தால் பிள்ளை தூங்கவே முடியாது. அப்போது பக்கத்தில் வைக்க ஒரு வரலாறு மிச்சம் இருக்கட்டும்.

அப்புறம் டூயல் கிரெடிட். ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கலாம், செலவும் குறைவு என்று நம்மவர்கள் நிறையப் பேர் சேர்த்துவிடுகிறார்கள். பதினாறு வயதில் வாங்கிய அந்த மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவு) ஏறி, மெடிக்கல் ஸ்கூல் பார்க்கும் ஜிபிஏவிலும், அதாவது சராசரி மதிப்பெண்ணிலும், சேர்ந்துவிடும். பிறகு அதே பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழையது அழியாது, இரண்டுமே கணக்கில் வரும். படிக்க நேரம் இருந்தால் மட்டும் சேருங்கள். ஹைஸ்கூலில் ஏபி தேர்வு எழுதி வாங்கும் ஏபி கிரெடிட் வேறு மாதிரி. கல்லூரி ஏற்று டிரான்ஸ்கிரிப்டில் போட்டிருந்தால் டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல்கள் ஏற்கின்றன, வெளிமாநிலத்தில் சில ஏற்பதில்லை. ஏபியில் பயாலஜி தாண்டியிருந்தால் ஜெனடிக்ஸ் மாதிரி மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கூடுதலாக எடுப்பது பாதுகாப்பு.

வரிசை என்று பார்த்தால், முதல் வருடம் பயாலஜியும் ஜெனரல் கெமிஸ்ட்ரியும், இரண்டாம் வருடம் ஆர்கானிக், மூன்றாம் வருடம் தொடக்கத்தில் பயோகெமிஸ்ட்ரி. பிசிக்ஸை இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வைக்கலாம். இடைவெளி விடாமல் போக வேண்டுமென்றால் மூன்றாம் வருட வசந்தத்தில் எம்கேட் எழுதி, அந்த மே மாதமே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். டெக்சஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூறு இடம் இந்த மாநிலத்தவருக்கே என்பதால் நம் பிள்ளைகள் இங்கே விண்ணப்பிக்காமல் விடவே கூடாது.

பாடம் பிடிக்கவில்லை என்று சட்டென்று டிராப் செய்துவிட, அதாவது பாதியில் விட்டுவிட வேண்டாம். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுவதற்கும் சேர்த்து ஆறு டிராப்தான்.

ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கும் நாளில் முதல் நிமிடமே உள்ளே போகச் சொல்லுங்கள். 1406 நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு அந்த செமஸ்டரில் வரலாறு 1301-ஐ எடுக்கட்டும், பயாலஜி அடுத்த செமஸ்டரில் வந்துகொள்ளும். இடம் காலியாக இருக்கிறதே என்று 1408-க்குள் மட்டும் போக வேண்டாம்.