கடன் அறிக்கை: கத்தரித்த கார்டும் சாகாத கணக்கும்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த பிறகுதான் பலர் தங்கள் கடன் அறிக்கையை (கடன், கார்டு பாக்கிகளைக் கட்டிய விவரப் பதிவை) முதன்முறையாகத் திறந்து பார்க்கிறார்கள். அதற்குள் நேரம் போய்விடும். சிங்கப்பூரில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விருப்பத்தேர்வுக் காலம், அதாவது வாங்குவதை உறுதிசெய்யும் அவகாசம், 21 நாள்தான்; வங்கி விசாரித்துப் பிழையைத் திருத்தும்வரை அது காத்திருக்காது. சில மாதங்கள் முன்பே, வங்கிகள் தரும் கடன் தகவலைத் தொகுக்கும் கிரெடிட் பீரோ சிங்கப்பூரின் தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) மூலம் நுழைந்து, சுமார் 8 வெள்ளி கட்டி அறிக்கையை வாங்கிவிடுங்கள். அண்மையில் கிரெடிட் கார்டுக்கோ கடனுக்கோ விண்ணப்பித்திருந்தால், வங்கியின் முடிவுக் கடிதம் வந்த 30 நாளுக்குள் இலவசமாகவே கிடைக்கும். அந்தக் கடிதத்தைத்தான் நிறையப் பேர் குப்பையில் போடுகிறார்கள்.

1000 முதல் 2000 வரையிலான மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 12 மாதமும் பாக்கியை எப்படிக் கட்டினீர்கள் என்ற அட்டவணையில்தான் சங்கதி இருக்கிறது. ஏ என்றால் பாக்கி இல்லை, அல்லது தாமதம் 30 நாளுக்குள். பி 30 முதல் 59 நாள், சி 60 முதல் 89, டி 90 அல்லது அதற்கு மேல். தொடாமல் கிடக்கும் கார்டுதான் இங்கே அதிகம் மாட்டிவிடுகிறது. கார்டைக் கத்தரித்தால் கணக்கு மூடிவிடாது. ஆண்டுக் கட்டணம் ஏறும், பில் பழைய முகவரிக்குப் போகும், ஏ மெல்ல டி ஆகும். வங்கியிடம் சொல்லி மூடுங்கள், எழுத்தில் உறுதி வாங்குங்கள், அடுத்த அறிக்கையிலும் சரிபாருங்கள்.

பிழை கண்டால் பீரோவே அழித்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. தகவல் தந்த வங்கிதான் திருத்த வேண்டும். ரசீது, கணக்கறிக்கை, மூடிய கடிதம் ஆகியவற்றை இணைத்து பீரோவிடமோ வங்கியிடமோ புகார் கொடுங்கள். ஆனால் கணக்கில் பணமில்லாமல் ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு) தவறி இரண்டு மாதம் பாக்கி நின்றது பிழை அல்ல, உண்மை. வங்கி தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் அந்தப் பதிவு போய்விடாது. காசு கொடுத்தால் அழித்துத் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம்.

செலுத்தத் தவறிய கடனில் பாதியை மட்டும் கட்டி நிறுத்தினால் பதிவு அப்படியே நிற்கும். முழுதாகவோ, வங்கியோடு பேசி ஒத்துக்கொண்ட தொகையிலோ தீர்த்தால், தீர்த்த நாளிலிருந்து 3 ஆண்டு காட்டப்படும். ஆகவே பணம் கட்டியதும், நிலையையும் தேதியையும் மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் அறிக்கையை எந்தெந்த வங்கி கேட்டுப் பார்த்தது என்ற விசாரணைப் பட்டியலையும் பாருங்கள். ஒரே வாரத்தில் நான்கு வங்கியில் விண்ணப்பித்தால் நான்கும் 2 ஆண்டு தெரியும். நீங்கள் போகாத வங்கியின் பெயர் இருந்தால் உடனே அந்த வங்கியைக் கேளுங்கள். உங்கள் அடையாள அட்டை எண்ணை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் வாங்கிய கடன் இந்த அறிக்கையில் வராது. அதற்கு மணிலெண்டர்ஸ் கிரெடிட் பீரோ என்று தனி இடம் உண்டு. அங்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.