ஒரு கெமிஸ்ட்ரி ஆராய்ச்சியாளரோட எச் இன்டெக்ஸ மட்டும் பாத்துட்டு எடை போடாதீங்க, இப்படி பாருங்க

முதல்ல நான் மாட்டிக்கிட்ட கதைய சொல்லிடறேன். ஒரு தடவ வேலைக்கு ஆள் எடுக்கற கமிட்டிக்கு, வந்திருந்த கேட்டலிசிஸ் (வினையூக்கி ஆராய்ச்சி) ஆள் ஒருத்தரோட சைட்டேஷன் கணக்கெல்லாம், அதாவது அவர் பேப்பர மத்த பேப்பர்ல எத்தனை தடவ மேற்கோள் காட்டிருக்காங்கங்கற கணக்க எடுத்து ஃபைல் போட்டு குடுத்தேன். நம்பர் நல்லா பெருசா இருந்துச்சு, எனக்கும் சந்தோஷம். மீட்டிங்ல ஒரு பெரியவர் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி வச்சுக்கிட்டு, "ஆமா, இவரு கிட்னி டயாலிசிஸ் பத்தி எப்பங்க எழுதினாரு?"னு கேட்டாரு. அதே பேரு அதே இனிஷியல்ல ஒரு டாக்டர் இருந்திருக்காரு, அவரோட பேப்பர் எல்லாம் நம்ம ஆளோட கணக்குல ஏறி உக்காந்திருக்கு, நான் பாக்கவே இல்ல.

அதனால முதல் வேல, எண்ணறதுக்கு முன்னாடி ஆள் யாருனு உறுதி பண்றது. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஆர்கிட் ஐடினு 16 இலக்க நம்பர் ஒண்ணு 2012லேர்ந்து இருக்கு, அது இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, ஆனா நிறைய பேரு ஐடி வாங்கிட்டு உள்ள ஒண்ணுமே போடாம விட்டுடுவாங்க. ஸ்கோபஸ்ங்கற சைட்டேஷன் டேட்டாபேஸ்ல ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு ஐடி இருக்கும், வேற ஊருக்கு வேலை மாறினா, கல்யாணத்துக்கப்புறம் பேர மாத்தினா, இனிஷியல முன்னாடி போடாம பின்னாடி போட்டா, உடனே தனி ஆளா பிரிச்சு வச்சுடும். கூகுள் ஸ்காலர் இதுக்கு நேர் எதிர், பேரு ஒத்துப்போனா கண்டவங்களோட பேப்பரையும் சேத்துடும், அந்த ஆள் தானே போய் நீக்கினாதான் உண்டு. பேப்பர் லிஸ்ட்ட மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டி பாருங்க. கூட எழுதினவங்க பேரு திடீர்னு மாறுதா, பிஎச்டி முடிக்கறதுக்கு பத்து வருஷம் முன்னாடி பேப்பர் இருக்கா, ஜியோலைட்னு வினையூக்கி கனிமம் பத்தி எழுதிட்டிருந்தவர் நடுவுல கிட்னி எழுதறாரா. பத்து நிமிஷ வேலதான்.

அடுத்தது எந்த டேட்டாபேஸ்ங்கறது. கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூணும் ஒரே ஆளுக்கு மூணு நம்பர் சொல்லும். ஸ்காலர்ல பெரும்பாலும் கூடத்தான் வரும், ஏன்னா அது தீசிஸ், ப்ரீபிரிண்ட் (ஜர்னல்ல வரதுக்கு முன்னாடியே நெட்ல போடற பேப்பர்), கான்ஃபரன்ஸ் பேப்பர், நெட்ல கெடக்கற பிடிஎஃப் எல்லாத்தையும் சேத்து எண்ணும். மத்த ரெண்டும் தாங்க பொறுக்கி சேத்துக்கிட்ட ஜர்னல், புக், கான்ஃபரன்ஸ் தொகுப்ப மட்டும்தான் எண்ணும். எது சரின்னு சண்டை போட வேணாம், ஒண்ண எடுங்க, அதையே கடைசி வரைக்கும் வச்சுக்கோங்க, எந்த தேதில பாத்தீங்கனு பக்கத்துல எழுதிக்கோங்க. ஒருத்தருக்கு ஸ்காலர் நம்பரும் இன்னொருத்தருக்கு ஸ்கோபஸ் நம்பரும் போட்டு கம்பேர் பண்றத நான் கண்ணால பாத்திருக்கேன், அது ஒருத்தர செருப்போடயும் இன்னொருத்தர வெறுங்காலோடயும் நிக்க வச்சு உயரம் அளக்கற மாதிரி.

இப்ப எச் இன்டெக்ஸ். 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு பிசிக்ஸ் ஆள் கொண்டு வந்தது. எச் இன்டெக்ஸ் 6னா, குறைஞ்சது 6 சைட்டேஷனாவது வாங்கின பேப்பர் 6 இருக்கு, ஆனா 7 வாங்கினது 7 இல்லனு அர்த்தம். கையாலயே ஒரு தடவ போட்டு பாத்துட்டா அதோட பலமும் ஓட்டையும் ரெண்டும் புரிஞ்சுடும். ஒருத்தர் 9 பேப்பர் எழுதிருக்காருன்னு வைங்க, சைட்டேஷன பெருசுலேர்ந்து சின்னதுக்கு அடுக்கினா 210, 64, 31, 18, 9, 7, 6, 2, 0. ஆறாவது பேப்பருக்கு 7 இருக்கு, 6க்கு மேல, சரி. ஏழாவதுக்கு 6தான் இருக்கு, 7 வேணும், பத்தல. ஆக எச் இன்டெக்ஸ் 6. ஸ்காலர் காட்டற ஐ10 இன்டெக்ஸ்ங்கறது 10 சைட்டேஷனாவது வாங்கின பேப்பர் எத்தனைங்கறது, அது இங்க 4. இப்ப அந்த முதல் பேப்பர் 210க்கு பதிலா 2100 வாங்கிருந்தாலும் எச் இன்டெக்ஸ் அதே 6தான்! ஒரு துறையையே திருப்பி போட்ட பேப்பர் ஒண்ணு இருந்தாலும் இந்த நம்பருக்கு அது தெரியாது. இன்னொரு விஷயம், இது ஏறுமே தவிர இறங்காது, ஆள் லேப் பக்கமே போகாம இருந்தாலும் பழைய பேப்பர வச்சு ஏறிக்கிட்டே இருக்கும். அதனால ஸ்காலர்ல பக்கத்துலயே கடைசி அஞ்சு வருஷத்துக்குன்னு தனியா ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதையும் சேத்து பாருங்க.

20 வருஷ சர்வீஸ்ல எச் 20 வந்தா நல்ல ஆள், 40 வந்தா ரொம்ப பெரிய ஆள், 60 வந்தா அபூர்வம்னு ஹிர்ஷ் ஒரு கணக்கு சொன்னாரு. அவர் சொன்னது பிசிக்ஸ வச்சு. அத தூக்கிட்டு வந்து கெமிஸ்ட்ரில வச்சா சரிப்படாது, கெமிஸ்ட்ரிக்குள்ளயே கூட சரிப்படாது. பேட்டரி, பெரோவ்ஸ்கைட்ங்கற கிரிஸ்டல் வகைல செய்யற சோலார் செல்னு வேலை பாக்கறவங்களுக்கு அந்த துறைல கூட்டம் அதிகம், எழுதற பேப்பர் அதிகம், அதனால சைட்டேஷனும் கொட்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரில டோட்டல் சிந்தசிஸ், அதாவது சிக்கலான மாலிக்யூல அடிலேர்ந்து லேப்ல கட்டற வேலை பண்றவர் ஒரு மாலிக்யூல கட்டி முடிக்கவே வருஷக்கணக்கா ஆகும், அத சைட் பண்றதுக்கு உலகத்துல இருக்கற ஆளும் கம்மி. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வச்சா ஆர்கானிக் ஆள் பாவம். இதுக்குத்தான் ஃபீல்ட் வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட்னு ஸ்கோபஸ் ஒண்ணு குடுக்குது, அதே துறை அதே வருஷம் அதே வகை பேப்பரோட ஒப்பிட்டு 1.0 வந்தா உலக சராசரி, 2.0னா அதுக்கு ரெண்டு மடங்கு. ஆனா ஆளுக்கு மொத்தமே 15 பேப்பர்தான்னா ஒரே ஒரு ஹிட் பேப்பர் இந்த சராசரிய மேல தூக்கிடும். எனக்கு இதவிட அந்த துறைல டாப் 10 சதவீதத்துக்குள்ள எத்தனை பேப்பர்னு பாக்கறதுதான் நம்பிக்கையா தோணும்.

ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர, அதாவது அந்த ஜர்னல்ல சமீபத்துல வந்த பேப்பருக்கு சராசரியா எத்தனை சைட்டேஷன்ங்கற நம்பர, ஆள் மேல ஏத்தாதீங்க. இதுக்கு கெமிஸ்ட்ரிக்குள்ளயே ஒரு அருமையான கதை இருக்கு. கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் தீக்கறதுக்கு எல்லாரும் பயன்படுத்தற ஷெல்எக்ஸ் சாஃப்ட்வேர் பத்தி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008ல ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏங்கற ஜர்னல்ல ஒரு பேப்பர் போட்டாரு. சாஃப்ட்வேர யூஸ் பண்ணவங்க எல்லாரும் அத சைட் பண்ணாங்க. 2க்கு பக்கத்துல இருந்த அந்த ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் 2009 கணக்குல 49.926க்கு போயிடுச்சு. ஒரே ஒரு பேப்பர்! அந்த சமயத்துல அதே ஜர்னல்ல எழுதின மத்தவங்க எல்லாரும் திடீர்னு இருபத்தஞ்சு மடங்கு புத்திசாலி ஆயிட்டாங்களா என்ன. இப்படி ஜர்னல் நம்பர வச்சு ஆள எடை போடாதீங்கன்னு சொல்லித்தான் 2012ல டோரா அறிக்கையே உருவாச்சு, நிறைய யுனிவர்சிட்டி கையெழுத்தும் போட்டுருக்கு, போட்டுட்டு பழையபடி பண்றவங்களும் இருக்காங்க, அத விடுங்க.

சரி, இப்பதான் முக்கியமான இடத்துக்கு வரோம். ஆளோட அதிக சைட்டேஷன் வாங்கின பேப்பர் அஞ்ச எடுத்துக்கோங்க. முதல்ல அதுல எத்தனை ரிவ்யூ, அதாவது மத்தவங்க வேலைய தொகுத்து சொல்ற பேப்பர்னு பாருங்க. கெமிக்கல் ரிவ்யூஸ், கெம் சொசைட்டி ரிவ்யூஸ் மாதிரி இடத்துல வர ரிவ்யூ பேப்பருக்கு சைட்டேஷன் அள்ளும், நல்ல ரிவ்யூ எழுதறதும் பெரிய வேலைதான், நான் குறை சொல்லல, ஆனா அஞ்சுல நாலு ரிவ்யூனா அவர் கண்டுபிடிச்சது எதுனு தனியா தேடணும். அப்புறம் அதுல அவர் எந்த இடத்துல இருக்காரு. கெமிஸ்ட்ரில வழக்கமா லேப் தலைவர் பேரு கடைசில, மேல ஒரு நட்சத்திரக் குறி, வேலை பாத்த ஸ்டூடண்ட் முதல்ல. நடுவுல எட்டாவது பேரா இருக்கறவர் டிஇஎம்ங்கற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல படம் எடுத்து குடுத்தவரா இருக்கலாம், அந்த படம் இல்லாம பேப்பரே இல்லன்னாலும் ஐடியா அவரோடதா இல்லையாங்கறது வேற கேள்வி. நிறைய ஜர்னல்ல கடைசில யார் என்ன பண்ணாங்கன்னு ஒரு பத்தி இருக்கும், யாரும் படிக்கறதில்ல, நீங்க படிங்க.

அடுத்தது அந்த அஞ்சு பேப்பர சைட் பண்ணவங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு இருபது பேர எடுத்து, அவங்க பேப்பருக்குள்ள போய் எந்த வரில சைட் பண்ணிருக்காங்கனு பாருங்க. மூணு குவியலா பிரிங்க. முதல் குவியல், அறிமுகத்துல "இந்த மெட்டீரியல் ரொம்ப கவனம் பெற்றுவருகிறது"னு எழுதி 3லேர்ந்து 27 வரைக்கும் கொத்தா போடறாங்க இல்ல, அதுல ஒண்ணா இவர் இருக்கறது. அது கல்யாணத்துல மொய் எழுதற மாதிரி, பெருசா எடுத்துக்க வேணாம். ரெண்டாவது குவியல், ரிசல்ட் பகுதில வந்து "இவங்க சொன்னதோட ஒத்துப்போகுது" இல்லன்னா "எங்களுக்கு அப்படி வரல"னு பேர சொல்லி மோதறது. மூணாவதுதான் தங்கம், எக்ஸ்பெரிமெண்டல் பகுதில "இவங்க முறைல தயாரிச்சோம்"னு எழுதிருக்கறது. ஏன்னா அங்க யாரோ ஒருத்தர் ஃபர்னஸ் போட்டு, ராத்திரி கண் முழிச்சு, அவர் எழுதின பக்குவத்த செஞ்சு பாத்து, அது வேலை செஞ்சிருக்கு. மெட்டீரியல்ஸ்ல இதவிட பெரிய சர்டிஃபிகேட் கிடையாது. கிராஃபைட் ஆக்சைடு செய்யறதுக்கு ஹம்மர்ஸும் ஆஃப்மனும் 1958ல எழுதினது சின்ன பேப்பர்தான், ரொம்ப வருஷம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு, 2004ல கிராஃபீன் வந்ததுக்கப்புறம், கிராஃபைட் ஆக்சைடு அதுக்கு ஒரு வழிங்கறதால, லேபுக்கு லேப் அந்த முறைய செஞ்சு சைட் பண்ண ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் பண்றாங்க.

இதுலேர்ந்தே காலம்ங்கற பிரச்சினையும் வருது. பெரோவ்ஸ்கைட்ட சோலார் செல்ல போட்டு மியாசகா குழு 2009ல பேப்பர் போட்டப்ப எஃபிஷியன்சி 3.8 சதவீதம், அப்ப பெருசா யாரும் திரும்பி பாக்கல, 2012க்கு அப்புறம்தான் துறையே வெடிச்சுது. ரிச்சர்ட் ராப்சன், உலோகத்தையும் கரிம மாலிக்யூலையும் கோத்து கட்டற மெட்டல் ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்குக்கு வழி காட்டின பேப்பர எழுதினது 1989, கிடகவா, யாகியோட சேந்து கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினது 2025. ஷெக்ட்மேன் குவாசிகிரிஸ்டல, அதாவது அணுக்கள் ஒழுங்கா இருந்தும் ஒரே அமைப்பு திரும்ப திரும்ப வராத கிரிஸ்டல, பாத்தது 1982ல, லைனஸ் பாலிங் மாதிரி ஜாம்பவானே கடைசி வரைக்கும் ஒத்துக்கல, நோபல் 2011ல. அதனால பிஎச்டி முடிச்சு நாலு வருஷம் ஆன பையனையோ பொண்ணையோ சைட்டேஷன வச்சு தூக்கியும் வைக்காதீங்க, தள்ளியும் விடாதீங்க, அவங்க பேப்பர உக்காந்து படிங்க, வேற வழியில்ல.

பேப்பருக்கு வெளில பேட்டண்ட் பாக்கணும், ஈஸ்பேஸ்நெட்லயும் கூகுள் பேட்டண்ட்ஸ்லயும் சும்மாவே தேடலாம். அப்ளை பண்ணது வேற, கிராண்ட் ஆனது வேற, வருஷா வருஷம் யாரோ காசு கட்டி அத உயிரோட வச்சிருக்காங்கங்கறது வேற, மூணாவதுதான் கணக்கு. ஜான் குட்இனஃப் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பத்தி எழுதினது 1980, அத வச்சு சோனி லித்தியம் அயன் பேட்டரிய கடைல வித்தது 1991, அவருக்கு நோபல் வந்தப்ப வயசு 97. இப்படிப்பட்ட தாக்கம் சைட்டேஷன்ல ஒரு துண்டுதான் தெரியும்.

லிஸ்ட்டுல பேரு இருக்குன்னு வரவங்க நிறைய. ஸ்டான்ஃபோர்ட் டாப் 2 சதவீதம்னு எல்லாரும் போஸ்டர் அடிக்கறாங்களே, அது ஸ்டான்ஃபோர்ட் குடுக்கற பட்டம் கிடையாது, அங்க இருக்கற அயோனிடிஸும் கூட இருக்கறவங்களும் ஸ்கோபஸ் டேட்டாவ வச்சு போடற கணக்கு. அதுல வாழ்நாள் முழுக்கன்னு ஒரு லிஸ்ட்டு, ஒரு வருஷத்துக்கு மட்டும்னு ஒரு லிஸ்ட்டு, எதுல பேரு வந்திருக்குனு கேளுங்க. அதோட எக்ஸெல் ஷீட்ட இறக்கிக்கோங்க, தன்னையே சைட் பண்ணிக்கிட்டது எத்தனை சதவீதம்னு தனி கட்டம் இருக்கு. கொஞ்சம் இருந்தா சகஜம், ஒரே மெட்டீரியல்ல பத்து வருஷம் இருந்தா முன்னாடி பண்ணத சொல்லித்தானே ஆகணும், பாதிக்கு பாதினா கேள்வி கேளுங்க. வெப் ஆஃப் சயின்ஸ் நடத்தற கிளாரிவேட்டோட ஹைலி சைட்டட் லிஸ்ட்டுல கெமிஸ்ட்ரி, மெட்டீரியல்ஸ் சயின்ஸ் ரெண்டும் தனித்தனி, க்ராஸ் ஃபீல்டுனு இன்னொண்ணும் உண்டு. எடிட்டர் போர்டு, ப்ளீனரி பேச்சு, சொசைட்டி ஃபெல்லோஷிப் எல்லாம் பயோடேட்டால இருக்கும், பாத்துக்கோங்க, ஆனா காசு கட்டினா மெம்பர் ஆக்கற சொசைட்டியும் உண்டு. நான் அதுக்கெல்லாம் மேல, அவர்கிட்ட படிச்ச ஸ்டூடண்ட்ஸ் இப்ப எங்க இருக்காங்கன்னு பாப்பேன்.

கடைசியா ஒரு சலிச்சு பாக்கற வேலை. வந்த பேப்பர்ல இருக்கற தப்ப மத்தவங்க அலசற பப்பியர் தளத்துல பேரு போட்டு தேடுங்க, வாபஸ் வாங்கின (ரிட்ராக்ட் ஆன) பேப்பர தொகுக்கற ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ் 2023லேர்ந்து கிராஸ்ரெஃப் மூலமா எல்லாருக்கும் திறந்திருக்கு, அதுலயும் தேடுங்க. ரிட்ராக்ஷன்னாலே திருட்டுனு அர்த்தமில்ல, தானே தப்ப கண்டுபிடிச்சு வாபஸ் வாங்கினவர் மேல எனக்கு மரியாதை கூடத்தான் செய்யும், அறிவிப்ப முழுசா படிங்க. ஆனா பெல் லேப்ஸ்ல இருந்த யான் ஹென்ட்ரிக் ஷோனும் ஒரு காலத்துல நம்பர்ல அசத்தினவர்தான், 2001ல சராசரியா எட்டு நாளைக்கு ஒரு பேப்பர், அதுல சிலது சயின்ஸ்லயும் நேச்சர்லயும்! மத்த லேப்ல யாருக்கும் அந்த ரிசல்ட் வரல, 2002ல விசாரணை வச்சா டேட்டாவே ஜோடிச்சதுனு தெரிஞ்சுது. மூணாவது குவியல் காலியா இருந்த கேஸ் அது.

எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். மேல டேட்டாபேஸ் பேரும் தேதியும், அப்புறம் பேப்பர் எண்ணிக்கை, எச் இன்டெக்ஸ், சுய சைட்டேஷன் சதவீதம், முதல் பேராவோ நட்சத்திரத்தோடயோ இருக்கற பேப்பர் எத்தனை, இதெல்லாம் ரெண்டு வரில. மீதி இடம் முழுக்க அந்த அஞ்சு பேப்பருக்கு, ஒவ்வொண்ணுலயும் என்ன பண்ணாரு, வெளில எந்த லேப் அத திரும்ப செஞ்சுது, யாருக்கு வரலனு பேச்சு மாதிரியே எழுதுங்க. அரை நாள் ஆகும். எனக்கு முக்கால் நாள் ஆகுது, கிட்னி இருக்கானு ரெண்டு தடவ பாக்கறேன் இல்ல.