டக் டக் சத்தம் நின்றபோது

ஞாயிறு விடிகாலையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு எங்கள் 1965 எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் கிளம்பியது. அதில் நானும் அப்பாவும். மனைவியும் மகளும் இட்லிப் பொட்டலம், உதிரி டயர்களுடன் பின்னால் ஜீப்பில். வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு முன்பே வண்டி இருமி நின்றுவிட்டது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைத்தான் சந்தேகித்தேன். அரை மணி நேரம் வீண்.

"பம்ப் சத்தம் வருகிறதா, கேளுப்பா" என்றார் அப்பா.

சாவியைத் திருப்பினேன். பின்பக்க வலது சக்கரத்தருகே இருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைகள் நிறையும்வரை டக் டக்கென்று அடித்துவிட்டு அடங்க வேண்டும். அன்று மூச்சே இல்லை.

ஸ்பேனர் பிடியால் பம்பின் மேல் லேசாக ஒரு தட்டு. உயிர் வந்துவிட்டது! ஆனால் அது சாலையோர வைத்தியம்தான்.

ஸ்பீட்வே போய்ச் சேர்ந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். (1967க்கு முந்தைய எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.) பம்பின் நுனி மூடியைத் திறந்தால், பம்புக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும், மிளகளவுகூட இல்லாத தொடுமுனைகளில் கரி அப்பியிருந்தது. வருடக்கணக்கில் திறந்தே பார்க்காதது என் சோம்பல். மிக நைசான உப்புத்தாளை இடையில் இரண்டு முறை இழுத்து, பிறகு வெறும் வெள்ளைத்தாளால் துடைத்தேன். தாளில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்; அழுத்தித் தேய்த்தால் முனையே போய்விடும்.

மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டக், டக், டக்... அமைதி.

மதியம் மகள்தான் ஓட்டினாள். எனக்கு இட்லிகூட மிஞ்சவில்லை.