கேம்பிங் ட்ரெய்லரில் கழிப்பறை பொங்குவதும் தண்ணீர் ஒழுகுவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரெய்லர் வாங்கிய முதல் கோடையில், கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு தனியார் கேம்பிங் தளத்தில் மூன்று நாள் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் விடியப்புறம் பக்கத்தில் தங்கியிருந்த நண்பர் வந்து கதவைத் தட்டினார். "அண்ணை, உங்கட ட்ரெய்லருக்குக் கீழால தண்ணி ஓடுது." எழுந்து காலை வைத்தால் நிலமெல்லாம் ஈரம். கழிப்பறைக் கோப்பை விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வழிந்தது நல்ல தண்ணீர் இல்லை.

காரணம் மிகச் சிறியது. ட்ரெய்லர் கழிப்பறையில் கால்மிதியை அழுத்தினால் கோப்பையின் அடியிலுள்ள மூடி திறந்து, கழிவு நேரே கீழே தாங்கிக்குள் விழும். அதே மிதிதான் தண்ணீரையும் திறக்கிறது. இரவில் பிள்ளை ஒன்று எழுந்து போய்விட்டு வந்து படுத்திருக்கிறது. மூடியின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் சிக்கியதால் மிதி முழுக்க மேலே திரும்பவில்லை. மிதி திரும்பாவிட்டால் தண்ணீர் நிற்காது. நூல் போல ஓடும் தண்ணீர் நிமிடத்துக்கு அரை லீட்டர் என்று வைத்தாலும் மணிக்கு 30 லீட்டர் ஆகிறது. எங்கள் கழிவுத் தாங்கி 30 கலன், ஏறத்தாழ 113 லீட்டர். அதில் பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தது. இரண்டு மணித்தியாலமே போதுமாக இருந்தது.

அன்று நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் வீட்டுப் பழக்கத்தோடு ட்ரெய்லருக்குள் வாழ்ந்துகொண்டிருந்தோம். வீட்டில் கழிப்பறைத் தண்ணீர் விடாமல் ஓடினால் பில் கூடும், அவ்வளவுதான். ஓடும் தண்ணீர் நகரத்துக் குழாயில் போய்ச் சேர்ந்துவிடும். ட்ரெய்லரில் நீங்கள் உள்ளே விட்டதெல்லாம் நீங்களாகத் திறந்துவிடும் வரை உங்கள் காலுக்குக் கீழேயே நிற்கிறது. அப்புறம் எத்தனையோ பேரின் ட்ரெய்லர்களைப் பார்த்துவிட்டேன். பொங்குவதும் ஒழுகுவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை மறந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆகவே முதல் தவறு, தளத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்குவது அல்லது கடற்கரைக்குப் போவது. ட்ரெய்லரின் நல்ல தண்ணீர்த் தாங்கியிலிருந்து பம்ப் மூலம் எடுத்தால், என்ன நடந்தாலும் அந்தத் தாங்கியில் இருக்கும் அளவு தண்ணீர்தான் கொட்டும். தளத்துக் குழாய்க்கு முடிவே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது படுக்கப் போகும் கடைசி ஆள் வெளியே போய் அந்தக் குழாயை மூடிவிட்டுத்தான் வர வேண்டும். இரவில் கை கழுவவும் கழிப்பறைக்கும் பம்ப் போதும். மிதியைக் காலால் தட்டி மேலே வந்துவிட்டதா என்று பார்க்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கோப்பைக்குள் சிறிது தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல இறங்கினால் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது அல்லது வளையம் காய்ந்துவிட்டது. கையுறை போட்டு, பழைய பல் தூரிகையால் அந்த ஓரத்தைத் தேய்த்து, பிளம்பர்கள் பாவிக்கும் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் பூசினால் பெரும்பாலும் சரியாகும். வாசலின் பூச வேண்டாம். அது நாளடைவில் ரப்பரைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, சுவரிலுள்ள விளக்குகளை நம்புவது. தாங்கி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் சிவப்பு, மஞ்சள் விளக்குகள், தாங்கியின் பக்கச் சுவரிலுள்ள உலோக முனைகளைக் கொண்டு இயங்குகின்றன. அந்த முனைகளில் காகிதமும் கழிவும் ஒட்டிக்கொண்டால் வெறும் தாங்கியையும் நிறைந்தது என்று காட்டும். கம்பி விட்டுப்போனால் நிறைந்ததையும் காட்டாது. நாள் கணக்கு வைப்பது மேல். எங்கள் நால்வருக்கு 30 கலன் மூன்று நாள் வரும். மிதியை அழுத்தும்போது கீழிருந்து குபுக் என்று காற்றுக் குமிழி எழும்பினால், தாங்கி நிறையப் போகிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் மிதியை அழுத்திப் பிடித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். அருவருப்பு ஒரு நிமிடந்தான்.

கழிவுக் குழாய் இணைப்புள்ள தளத்தில் நிற்கும்போது பலர் இன்னொரு தவறு செய்கிறார்கள். குழாயைப் பூட்டிய கையோடு கழிவுத் தாங்கியின் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள், வீட்டில் போலத் தானாக ஓடட்டும் என்று. ஓடுவது தண்ணீர் மட்டும். திடக்கழிவும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே குவிந்து, காய்ந்து, ஒரு மேடாகி வளர்கின்றன. மேடு கோப்பையின் வாய்க்கு வந்ததும் தாங்கி முக்கால்வாசி வெறுமையாக இருக்கும்போதே கழிப்பறை பொங்கும். அந்த மேட்டைக் கரைப்பது நாள் கணக்கான வேலை. வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு ஒரே இழுவையில் திறந்தால், தண்ணீரின் வேகமே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். கழிவுத் தாங்கி முதலில், குசினியும் குளியலும் வடியும் சாம்பல் நீர்த் தாங்கி பிறகு. அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொடுக்கும். வெறுமையாக்கிய தாங்கிக்குள் திரும்பப் பத்து லீட்டர் அளவு தண்ணீர் ஊற்றாமல் பாவிக்கத் தொடங்காதீர்கள். தண்ணீரில் சிக்கனம் பிடிப்பது நல்ல குணந்தான். ஆனால் கழிவுத் தாங்கியில் அது அடைப்பைத்தான் கொண்டுவரும்.

ஈரத் துடைப்பான்கள் உள்ளே போகவே கூடாது, பெட்டியில் "கழிப்பறையில் போடலாம்" என்று எழுதியிருந்தாலும். கழிப்பறைக் காகிதத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு போத்தலில் தண்ணீர் விட்டு இரண்டு தாளைப் போட்டுக் குலுக்குங்கள். சின்னச் சின்ன நூலாகப் பிரிந்தால் அது ட்ரெய்லருக்கு ஏற்றது.

பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பல ட்ரெய்லர்களில் வெளிப்பக்கம் ஒரு சிறிய தண்ணீர் வாய் இருக்கும். அதில் குழாயைப் பூட்டினால் கழிவுத் தாங்கியின் உட்சுவரில் தண்ணீர் பீச்சிக் கழுவும். மிக நல்ல வசதி. அதைத் திறந்துவிட்டு, கழிவு வால்வு மூடியிருப்பதை மறந்து, கதை கேட்கப் போவதுதான் ஆபத்து. தாங்கி நிறைந்ததும் தண்ணீர் கூரைக்குப் போகும் காற்றுக் குழாய் வழியாக ஏறும், அல்லது கழிப்பறை வழியாக உள்ளே வரும். அழுத்தம் கூடினால் தாங்கியே வெடிக்கலாம். வால்வைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். நிரப்பி ஊற வைக்க வேண்டுமென்றால் தொலைபேசியில் ஐந்து நிமிட மணி வைத்துவிட்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் நில்லுங்கள். இதற்குப் பாவிக்கும் குழாய் குடிதண்ணீர்க் குழாயாக இருக்கவே கூடாது. நிறம் வேறாக வாங்கினால் பிள்ளைகளும் மாற்றி எடுக்கமாட்டார்கள்.

சாம்பல் நீர்த் தாங்கி நிறைந்தால் அறிகுறி வேறு மாதிரி வரும். ட்ரெய்லரில் மிகத் தாழ்வான வடிகால் குளிக்கும் தட்டுத்தான். குசினியில் பாத்திரம் கழுவும்போது குளிக்கும் இடத்தில் அழுக்குத் தண்ணீர் எழும்பினால் அடைப்பு என்று நினைத்து மருந்து ஊற்ற வேண்டாம். தாங்கியைத் திறந்துவிட்டால் போதும்.

நல்ல தண்ணீர்க் குழாய்கள்

தளத்துத் தண்ணீரின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். சதுர அங்குலத்துக்கு 80, 100 இறாத்தல் வரும் இடங்களும் உண்டு. ட்ரெய்லருக்குள் ஓடும், பெக்ஸ் எனப்படும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்கும். முழங்கை போல வளையும் பிளாஸ்டிக் இணைப்புகளும் கழிப்பறைக்குப் பின்னாலுள்ள வால்வும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். 45 அல்லது 50 இறாத்தலுக்குக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பித்தளைக் கருவி கடையில் கிடைக்கும். அதைப் பலர் ட்ரெய்லர் பக்கம் பூட்டுகிறார்கள். தளத்துக் குழாயடியில் பூட்டினால் இடையிலுள்ள நீண்ட குழாயும் வெடிக்காமல் தப்பும்.

குழாய் பூட்டும் இடத்தில் சொட்டினால் உடனே வெள்ளை டெஃப்ளோன் டேப்பைச் சுற்றுவது இன்னொரு வீட்டுப் பழக்கம். இந்தக் குழாய்களில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அதை மாற்றுங்கள். குறடு போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்து வெடித்துவிடும். கை இறுக்கம் போதும். மறுபக்கம், ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் குலுங்கிக்கொண்டே ஓடுவதால் உள்ளேயுள்ள இணைப்புகள் தாமாகத் தளர்கின்றன. பயணத்துக்கு ஒரு முறை பேசினுக்குக் கீழும் கழிப்பறைக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் இடையிடையே "டர்" என்று ஒரு நொடி இயங்கி நின்றால் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போவதுதான் தவறு. தளத்துக் குழாயில் பூட்டியிருக்கும்போது ட்ரெய்லருக்கு அடியில் நல்ல தண்ணீர் கொட்டினால், பம்பிலுள்ள ஒருவழி வால்வு பழுதாகி, வரும் தண்ணீர் பின்னோக்கித் தாங்கிக்குள் போய் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். வெடிப்பு எங்கே என்று குழாய்களைத் தேடிக் களைத்துப்போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

கூரை

கழிப்பறை பொங்கினால் அன்றே தெரியும். கூரை ஒழுகுவது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே மரம் உக்கிப்போயிருக்கும். ட்ரெய்லரைக் கொல்வது இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பெரும்பாலான ட்ரெய்லர் கூரைகள் மெல்லிய ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய ஒரு ரப்பர் விரிப்புத்தான். விரிப்பு பல வருடம் உழைக்கும். ஆனால் காற்றுப்போக்கி, ஏசி, அன்டெனா, ஏணி, கழிவுத் தாங்கியின் காற்றுக் குழாய் என்று அதில் எத்தனையோ ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பூசிய களிம்பு வெயிலிலும் பனியிலும் வெடிக்கிறது. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும், அந்த இடத்தைக் கழுவிக் காயவிட்டு, ரப்பர் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவிச் சமனாகும் களிம்பைப் பூசுங்கள். வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோனைக் கொண்டுபோய் அப்பிவிடுவதுதான் இங்கே நான் அதிகம் காணும் தவறு. சிலிக்கோன் கூரையில் நன்றாகப் பிடிக்காது. அதைவிட மோசம், அது பூசிய இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுக்க ஒரு முழுநாள் போகும். கூரை கழுவ மண்ணெண்ணெய் போன்ற பெற்றோலிய வகை எதையும் பாவிக்க வேண்டாம். ரப்பர் ஊதிவிடும்.

யன்னல்களிலும் கவனம் வேண்டும். யன்னல் சட்டத்தின் கீழ் ஓரத்தில் சிறு துளைகள் இருக்கும். சட்டத்துக்குள் இறங்கும் மழைநீர் வெளியே போக வைத்த வழி அது. ஒழுக்கை நிறுத்துகிறேன் என்று அவற்றையும் சேர்த்து அடைத்தால், தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். அந்தத் துளைகளை ஊசியால் குத்தித் திறந்து வையுங்கள். ஏசிக்குக் கீழே சொட்டினால் முதலில் உள்ளே, கூரை மூடியைக் கழற்றி, ஏசியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அளவாக இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும்.

பழைய ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்கள் திரைச்சீலையின் அழகைப் பார்க்க வேண்டாம். மூலைகளைக் கைவிரலால் அழுத்துங்கள். கழிப்பறைக்கு முன்னால் நிலத்தில் குதிக்காலை ஊன்றிப் பாருங்கள். மெத்தென்று அமிழ்ந்தால், கழிப்பறைக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம் நெடுநாள் கசிந்திருக்கிறது. வெளிச்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். கொப்புளம் போல ஊதியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்ச் சுவரின் படலங்களைப் பிரித்துவிட்டது. பூசினாலும் அது திரும்ப ஒட்டாது. விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

பனிக்காலம்

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். கனடாவில் ஒக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் கழிந்தும் குழாய்களில் தண்ணீரோடு ட்ரெய்லரை நிறுத்தி வைத்தால் எங்காவது ஓரிடம் வெடிக்கும். குழாய்களை வடித்து, சுடுநீர்த் தாங்கியையும் வடித்து, எதுவும் அதற்குள் போகாதபடி வழியை மாற்றிவிட்டு, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்ப் மூலம் ஓட விடுவார்கள். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவம் நஞ்சு, அதைக் குடிதண்ணீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு, கழிப்பறை மிதியையும் வெளியே உள்ள ஷவரையும் மறப்பவர்கள்தான் அதிகம். வசந்தத்தில் முதலில் வெடித்திருப்பதும் கழிப்பறைக்குப் பின்னாலுள்ள அந்தப் பிளாஸ்டிக் வால்வுதான். மிதியை அழுத்தி, கோப்பைக்குள் இளஞ்சிவப்பு வரும் வரை விடுங்கள்.

மே மாதம் திறக்கும்போது நேரே தளத்துக் குழாயில் பூட்டாதீர்கள். வீட்டு வாசலிலேயே தாங்கிக்குள் நாலைந்து கலன் தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடுங்கள். பம்ப் நின்றபின் கால் மணித்தியாலம் உள்ளே சும்மா இருந்து கேளுங்கள். அது திரும்ப இயங்கினால், ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். கடதாசி நனையும் இடம்தான் கசிவு.