டர்போ போகவில்லை, கிளாம்ப்தான் போயிருந்தது

3.5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், எனக்கோ டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) உள்ள பெட்ரோல் கார்தான் வேண்டும். மண்டபம் ஊரில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு 1.2 லிட்டர் வண்டி மாட்டியது. வாங்கிய இரண்டாம் வாரமே, பாம்பன் பாலம் ஏறும்போது எஞ்சின் விளக்கு எரிந்தது, எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை, மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போகிறது. அவமானம்!

ராமநாதபுரத்தில் ஸ்கேனர் போட்டால் பி0299 என்ற பிழை எண், அதாவது டர்போ அழுத்தம் குறைவு. "டர்போ போச்சு தம்பி, மாத்திரணும்" என்றார் மெக்கானிக். ஆனால் காற்று வழியில் கசிந்தாலும் இதே எண்தான் வரும். சரி, முதலில் அதைப் பார்ப்போம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, சைக்கிள் டியூப் வால்வு பொருத்திய பிவிசி மூடியால் அடைத்து, பம்பால் 7 பிஎஸ்ஐ வரை மட்டும் ஏற்றினேன் (அதிகம் ஏற்றினால் சீல் போய்விடும்). சோப்புத் தண்ணீர் தெளித்ததும், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்கு அடியில் நுரை பொங்கியது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பாதி அறுந்திருந்தது.

ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு மாட்டி, பிழை எண்ணை அழித்தேன். 400 ரூபாய்கூட ஆகவில்லை, இழுவை திரும்பிவிட்டது.

அப்புறம், தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கே குடக் கணக்கு என்பது வேறு விஷயம்.